வாடகைக்குக் கிடைக்கும் கூடை

டார்ஜிலிங்கை அடுத்த பதாசியா வளைவில் ஒரு காட்சியை எவரும் காணலாம். இரண்டடி அகலத் தண்டவாளத்தில் வரும் சிறிய இரயில் தன்னையே ஒருமுறை வட்டமிட்டு இறங்கும் இடம் அது. வட்டத்தின் ஓரத்தில் வண்ண உடைகள் தொங்குகின்றன. சில ரூபாய் கொடுத்தால் சமவெளியிலிருந்து வந்த எவரும் சற்று நேரத்தில் தேயிலை பறிக்கும் பெண்ணாகிவிடலாம். முதுகில் ‘டோகோ’ என்னும் மூங்கிற்கூடை. அதன் பாரத்தை நெற்றியில் தாங்க ‘நாம்லோ’ என்னும் பட்டை. கணவர் படம் எடுப்பார், குழந்தைகள் கைதட்டுவார்கள். கூடை காலியாக இருக்கும். நெற்றிப் பட்டை அழுத்தாது. பத்து நிமிடத்தில் உடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அடுத்த இடத்திற்குப் போய்விடலாம்.

அந்தப் பெண்களைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. உடையை வாடகைக்கு விடுபவருக்கு அது பிழைப்பு. அணிபவருக்கு ஒரு பகல்நேர விளையாட்டு. எங்கள் சினம் வேறிடத்தில் இருக்கிறது. அதே காலிக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு நம் இலக்கிய இதழ்களில் எழுதப்படும் பயணக் கட்டுரைகளின் மீது இருக்கிறது. கழற்றிக் கொடுக்க வேண்டிய உடையைக் கழற்றாமல், அதையே அனுபவம் என்றும் தரிசனம் என்றும் அச்சேற்றுகிற எழுத்தின் மீது இருக்கிறது.

அக்கட்டுரைகளின் வாய்ப்பாட்டை வாசகர்கள் நன்கறிவார்கள். ‘மலைகளின் அரசி’ என்று தொடங்கும். அதிகாலை நான்கு மணிக்கு டைகர் ஹில்லில் நடுங்கியபடி நிற்கும். 8,586 மீட்டர் உயரக் கஞ்சன்ஜங்காவின் மேல் முதல் ஒளி படும்போது கட்டுரையாளருக்குக் கண்கள் பனிக்கும். பிறகு பொம்மை இரயில், மோமோ, மடாலயத்தில் உருளும் பிரார்த்தனைச் சக்கரம். நடுவில் ஒரு பத்தி தவறாமல் வரும்: நேபாளியரும் திபெத்தியரும் லெப்சாக்களும் வங்காளிகளும் மார்வாரிகளும் ஒரே தெருவில் தோளுரசி வாழும் அதிசயம். ‘பண்பாடுகளின் சங்கமம்’ என்ற சொல் அங்கே விழும். அடுத்த வரியில் ‘புன்னகை மாறாத வெள்ளந்தி மனிதர்கள்’ வந்து நிற்பார்கள். இறுதியில் மலையின் முன் மனிதன் எவ்வளவு சிறியவன் என்ற ஞானம். டார்ஜிலிங் என்ற பெயரை எடுத்துவிட்டு காங்டாக் என்றோ சிம்லா என்றோ போட்டால் ஒரு சொல்லும் மாற்ற வேண்டியிராது. ஊரைப் பற்றி எழுதப்பட்ட ஒரு கட்டுரையில் ஊரின் பெயரை மாற்றியும் கட்டுரை குலையாமல் நிற்குமானால் அதில் ஊர் இல்லை என்பதே பொருள்.

இதைச் சொல்லும் தகுதி எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். குற்றவாளிகள் என்ற தகுதியில்தான் சொல்கிறோம்.

நாங்கள் நால்வர் போயிருந்தோம். நால்வரும் இலக்கியம் பேசுகிறவர்கள். இருவர் பயணக் கட்டுரைகள் எழுதியவர்கள். சிலிகுரியிலிருந்து மலையேறும் வண்டியில் ஓட்டுநரோடு இந்தியில் தட்டுத்தடுமாறிப் பேச்சுக் கொடுத்தோம். ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர், அளந்து பேசுகிறவர். எங்களுள் ஒருவர் அன்பு மிகுதியால் கேட்டார்: “நீங்கள் நேபாளத்திலிருந்து எப்போது வந்தீர்கள்?” அவர் உடனே விடை சொல்லவில்லை. ஒரு கொண்டையூசி வளைவைக் கடந்தபின், “என் தாத்தாவின் அப்பா இங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தார். என் அப்பா இந்தியப் படையில் இருந்தார். நான் நேபாளத்தைப் பார்த்ததே இல்லை” என்றார். சற்றுப் பொறுத்து, குரலில் கசப்பே இல்லாமல், “எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள்” என்று சேர்த்துக்கொண்டார்.

அந்தக் கேள்வியின் கொடுமை எங்களுக்கு அன்றிரவுதான் உறைத்தது. வேறெவர் கேட்டிருந்தாலும் அறியாமை என்று விட்டுவிடலாம். தமிழர் கேட்கலாமா? 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தேயிலை மலைகளில் தலைமுறைகளாக உழைத்த தமிழரை ஒரே வீச்சில் நாடற்றவர் ஆக்கியதை நாம் படித்திருக்கிறோம். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு என்று கணக்கெழுதியதை அறிவோம். அப்படி வந்தவர்களில் பலரை நீலகிரியில் குடியமர்த்திவிட்டு, அவர்களைச் ‘சிலோன்காரர்’ என்றே அழைத்ததையும் அறிவோம். ‘நீ எங்கிருந்து வந்தாய்’ என்ற ஒற்றைக் கேள்வி ஒரு மக்கள் திரளை என்ன செய்யும் என்பதை நம்மைவிட நன்கறிந்தவர் குறைவு. மலையகத்துக் கதைகளைக் கண்ணீரோடு வாசித்த நாங்கள், இமயத்துத் தேயிலைச் சரிவில் பிறந்த ஒரு மனிதரிடம் அதே கேள்வியைப் புன்னகையோடு கேட்டோம். வாசிப்பு எங்களுக்கு என்ன கற்றுத் தந்தது?

‘சங்கமம்’ என்ற சொல்லுக்கு வருவோம். ஆறுகள் தாமாக ஓடிவந்து கலப்பது சங்கமம். டார்ஜிலிங்கில் எவரும் அப்படி ஓடிவந்து கலக்கவில்லை. ஒவ்வொருவரும் ஒரு காரணத்தால் வந்தார்கள். பெரும்பாலும் வேறு வழியின்றி வந்தார்கள்.

1835ஆம் ஆண்டு சிக்கிம் மன்னரிடமிருந்து இந்த மலைத்தொடரைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு பத்திரத்தின் மூலம் பெற்றது. தன் ஆட்கள் நோய் நீங்கி ஓய்வெடுக்கக் குளிர்ந்த இடம் வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். பதிலுக்கு 1841 முதல் ஆண்டுக்கு 3,000 ரூபாய் கொடுத்தது. 1846இல் அதை 6,000 ஆக்கியது. 1849இல் மேலாளர் காம்ப்பெலும் தாவரவியலாளர் ஹூக்கரும் சிக்கிமில் சிறைப்பிடிக்கப்பட்டதைச் சாக்கிட்டு அந்தத் தொகையையும் நிறுத்திவிட்டு, கீழேயுள்ள தராய் நிலத்தையும் எடுத்துக்கொண்டது. வாடகைக்கு வாங்கிய உடையைத் திருப்பித் தராத முதல் சுற்றுலாப் பயணி கம்பெனிதான்.

1839இல் நூறு பேர்கூட இல்லாதிருந்த இடம் பத்தே ஆண்டுகளில் ஏறத்தாழ 10,000 பேர் வாழும் ஊராயிற்று என்று ஆங்கிலேய ஆவணங்கள் பெருமையோடு குறிக்கின்றன. நம் கட்டுரையாளர்களும் ‘ஆங்கிலேயர் உருவாக்கிய அழகிய நகரம்’ என்று அதை வழிமொழிகிறார்கள். தம்மை ‘ரோங்’ என்று அழைத்துக்கொள்ளும் லெப்சா மக்கள் அதற்கு முன்பே அம்மலைகளில் இருந்தார்கள். அவர்களுக்கென்று மொழியும் எழுத்தும் உண்டு. காடு திருத்தப்பட்டபோது அவர்கள் தம் மண்ணிலேயே சிறுபான்மை ஆயினர். அந்தப் ‘பத்தாயிரம்’ பேர் எப்படி வந்தார்கள்? பாதை வெட்டவும் கட்டடம் எழுப்பவும் காட்டை அழிக்கவும் கிழக்கு நேபாளத்திலிருந்து ஆள் திரட்டப்பட்டது. 1841இல் காம்ப்பெல் தம் தோட்டத்தில் சோதனையாக ஊன்றிய தேயிலை, 1874இல் 113 தோட்டங்களாக விரிந்தது. ராயும் லிம்புவும் தாமாங்கும் குருங்கும் மகரும் கோர்க்கா அரசின் வரிக் கொடுமையிலிருந்து தப்பி அத்தோட்டங்களுக்குள் வந்தார்கள். நேபாளத்தில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1920களின் நடுவில் என்பதை நினைத்துக்கொண்டால் அம்மனிதர்கள் எதிலிருந்து எதற்கு ஓடிவந்தார்கள் என்பது விளங்கும்.

ஷெர்பாக்கள் வந்தது மலையேறும் வெள்ளையருக்குச் சுமை தூக்க. துங்சுங் என்னும் குடியிருப்பில் தங்கி, பயணக் குழுக்கள் தம்மைத் தேர்ந்தெடுக்கக் காத்திருந்தார்கள். டென்சிங் நார்கேயும் அப்படிக் காத்திருந்த இளைஞர்களில் ஒருவர். திபெத்திய அகதிகள் வந்தது நாடிழந்து. 1959 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட அவர்களது சுயஉதவி மையத்தில் கம்பளம் நெய்யும் முதிய கைகளைப் படமெடுக்காத பயணி இல்லை. மார்வாரி வணிகர் வந்தது கடன் கொடுக்கவும் பண்டம் விற்கவும். வங்காளி எழுத்தர் வந்தது அலுவலகம் நடத்த. வெள்ளையர் பிள்ளைகளுக்கு 1846இல் லொரெட்டோ கன்னிமாடப் பள்ளி எழுந்தது. 1864இல் செயின்ட் பால்ஸ் கல்கத்தாவிலிருந்து மலைக்கு இடம்பெயர்ந்தது. மேலே வளமனைகள், கீழே பஸ்திகள் என்று சரிவின் உயரமே வர்க்கத்தின் உயரமாயிற்று. இதுதான் அந்தச் ‘சங்கமம்’. கூலிப் பட்டியலும் படையெடுப்பும் நாடுகடத்தலும் ஒரு மலைமுகட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. அதை அழகு என்று மட்டும் காண்பதற்கு மிகுந்த முயற்சி வேண்டும்.

சமய நல்லிணக்கத்திற்கு எல்லோரும் காட்டும் சான்று அப்சர்வேட்டரி குன்று. ஒரே மகாகாலர் சன்னிதியில் இந்துப் பூசாரியும் புத்த லாமாவும் அமர்ந்திருக்கும் காட்சி உண்மையிலேயே நெஞ்சைத் தொடுவதுதான். நாங்களும் நின்று பார்த்தோம். அக்குன்றின்மேல் ஒருகாலத்தில் ஒரு பௌத்த மடம் இருந்தது. ஊரின் பெயரே அங்கிருந்து வந்தது. ‘டோர்ஜே’ என்றால் இடி, வஜ்ராயுதம். ‘லிங்’ என்றால் இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோர்க்காப் படைகள் அம்மடத்தை அழித்தன. பிறகு மடம் குன்றைவிட்டு இறங்கிக் கீழேயுள்ள பூட்டியா பஸ்திக்குப் போயிற்று. இன்று அங்கே இரு சமயத்தாரும் அருகருகே அமர்ந்திருப்பது, அழிவை நினைவில் வைத்துக்கொண்டே சாதாரண மக்கள் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. அழிவைச் சொல்லாமல் ஏற்பாட்டை மட்டும் புகழ்கிறவர் அம்மக்களின் பெருந்தன்மையைப் பாதியாகக் குறைக்கிறார்.

இலக்கிய வாசகர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நமக்கு இன்னும் நாணம் தரும் ஒன்றுண்டு. மால் சாலையின் முடிவில், சௌரஸ்தாவில், ஒரு சிலை நிற்கிறது. குதிரைச் சவாரிக்குப் பேரம் பேசுகிறவர்கள் அதனடியில் கூடுவார்கள். அது இராமாயணத்தை நேபாளியில் பாடிய பானுபக்த ஆச்சார்யாவின் சிலை. ஒரு நகரத்தின் நடுச்சதுக்கத்தில் தளபதியையோ மன்னனையோ நிறுத்தாமல் கவிஞனை நிறுத்திய மக்கள் எத்தகையவர்கள் என்ற கேள்வி எத்தனை பயணக் கட்டுரையாளருக்கு எழுந்தது?

எழுந்திருந்தால் அந்நகரம் நேபாளி இலக்கியத்தின் தலைநகரங்களுள் ஒன்று என்பது தெரிந்திருக்கும். 1924இலேயே அங்கே நேபாளி சாகித்திய சம்மேளனம் தோன்றிவிட்டது. ராயும் லிம்புவும் தாமாங்கும் வெவ்வேறு தாய்மொழிகளோடு தோட்டங்களுக்குள் வந்தவர்கள். நேபாளி பலருக்குக் கற்றுக்கொண்ட மொழி. கொழுந்து பறிக்கும் வரிசையிலும் சந்தையிலும் பள்ளியிலும் அதைப் பொதுமொழியாக்கி, அதற்குள் ஓர் இலக்கியத்தையும் எழுப்பினார்கள். விலையும் கொடுத்தார்கள்: பலரது வீட்டு மொழி பேரப்பிள்ளைகளின் நாவை அடையவில்லை. 1963இல் இந்திர பகதூர் ராய், ஈஸ்வர் பல்லவ், பைராகி காயிலா மூவரும் டார்ஜிலிங்கிலிருந்து ‘மூன்றாம் பரிமாணம்’ என்னும் இயக்கத்தைத் தொடங்கினார்கள். நம் ‘எழுத்து’ இதழில் புதுக்கவிதை வாதங்கள் சூடுபிடித்திருந்த அதே ஆண்டுகள்! இந்திர பகதூர் ராய் டார்ஜிலிங் வாழ்வை மையமிட்டு 1964இல் ஒரு நாவல் எழுதினார்; 1976இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார்; 2018இல் மறைந்தார். நேபாளி நவீனத்தின் பெரும்பெயர்களுள் ஒருவரான பாரிஜாத் இம்மலையின் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இம்மலையைச் சேர்ந்த லைன்சிங் வாங்தேல் 1948இல் ‘நாட்டுக்கு வெளியே’ என்று பொருள்படும் தலைப்பில் நாவல் எழுதினார்.

எங்கள் நால்வரில் ஒருவரும் இவர்களின் ஒரு பக்கத்தையும் வாசித்திருக்கவில்லை. பெருவிலும் கொலம்பியாவிலும் எந்தத் தெருவில் எந்த எழுத்தாளர் காபி அருந்தினார் என்று எங்களுக்குத் தெரியும். நம் நாட்டின் எட்டாம் அட்டவணையில் 1992 முதல் இடம்பெற்றிருக்கும் ஒரு மொழியின் இலக்கிய நகரத்திற்கு, அம்மொழியில் ஓர் எழுத்தாளரின் பெயரும் அறியாமல் போய், மோமோவின் சுவையைப் பற்றி இரு பத்திகள் எழுதுகிறோம். இதற்கு அறியாமை என்ற சொல் போதாது. அம்மக்களுக்குச் சிந்தனை இராது, புன்னகைதான் இருக்கும் என்ற முன்முடிவு இதற்குள் ஒளிந்திருக்கிறது. ‘வெள்ளந்தி’ என்ற சொல்லை நாங்கள் வெறுப்பதற்கு அதுவே காரணம். எதிரில் நிற்பவரிடம் கேட்க ஏதுமில்லை என்று முடிவு செய்தவரே அவரை வெள்ளந்தி என்பார்.

இன்னோர் எடுத்துக்காட்டு. 1955 மே 25 அன்று ஜார்ஜ் பேண்டும் ஜோ பிரவுனும் கஞ்சன்ஜங்காவின் உச்சியை முதன்முதலில் எட்டினார்கள். அது புனிதமலை என்பதால், சிக்கிம் மன்னருக்குத் தந்த வாக்கின்படி, கடைசிச் சில அடிகளை மிதிக்காமல் திரும்பினார்கள். இந்த அழகிய செய்தி நம் கட்டுரைகளில் அடிக்கடி வரும். சரியாக ஒரு மாதம் கழித்து, 1955 ஜூன் 25 அன்று, அதே மலையின் காட்சி எல்லைக்குள், மார்கரெட்ஸ் ஹோப் தேயிலைத் தோட்டத்தில் கூலியும் உரிமையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்து ஊர்வலம் போன தொழிலாளர்மீது காவல்துறை சுட்டது. ஆறு பேர் இறந்தார்கள். பிடிக்காத தொழிலாளியைக் குடும்பத்தோடு தோட்டத்தைவிட்டு விரட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் அவர்களது கோரிக்கைகளுள் ஒன்று. இந்தச் செய்தி நம் கட்டுரைகளில் வருவதில்லை. அத்தோட்டத்தின் பெயர் தேநீர்ப் பெட்டிகளின்மேல் மட்டும் வருகிறது. உச்சியை மிதிக்காத பண்பை வியக்கிறோம். சரிவில் மிதிபட்டவர்களைத் தாண்டிப் போகிறோம். 2023இல் மேற்கு வங்கத்துத் தேயிலைத் தொழிலாளியின் நாட்கூலி 250 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அத்தேயிலையின் உயர்ந்த வகை ஒரு கிலோ என்ன விலைக்குப் போகிறது என்பதை மால் சாலைக் கடையில் வாசகர்களே கேட்டறியலாம்.

அரசியல் வந்தால் நம் பயணியின் முகம் சுளிக்கிறது. ‘அவ்வப்போது கலவரம் நடக்கும் ஊர், போகுமுன் விசாரித்துக்கொள்ளவும்’ என்று கட்டுரையின் இறுதியில் பயணக் குறிப்பாக ஒரு வரி. தனி நிர்வாகம் வேண்டும் என்னும் கோரிக்கை 1907இலேயே எழுந்தது என்பதும், 1986 முதல் 1988 வரை நடந்த கோர்க்காலாந்துப் போராட்டத்தில் 1,200க்கும் மேற்பட்டோர் மாண்டதாகச் சொல்லப்படுகிறது என்பதும் அந்த வரிக்குள் அடங்குவதில்லை. 2017இல் 104 நாட்கள் மலை முழுதும் கடையடைப்பு, இணையமும் துண்டிக்கப்பட்டது. அதன் தொடக்கப் பொறி என்ன? பள்ளிகளில் வங்கமொழி கட்டாயமாகும் என்ற அறிவிப்பு. மலைப்பகுதிக்கு விலக்கு உண்டு என்று பிறகு சொல்லப்பட்டது. அதற்குள் நெருப்பு பரவிவிட்டது. 1938ஐயும் 1965ஐயும் தன் வரலாற்றின் பெருமிதப் பக்கங்களாக வைத்திருக்கும் ஒரு சமூகத்தின் எழுத்தாளர், இன்னொரு மொழிக்காரர் தன் மொழிக்காகத் தெருவில் இறங்கும்போது ‘விடுதி முன்பதிவு வீணாயிற்று’ என்று மட்டும் எழுதுவாரானால், அவர் தம் வரலாற்றையும் புரிந்துகொள்ளவில்லை என்றே சொல்வோம். தனி மாநிலக் கோரிக்கை சரியா தவறா என்று தீர்ப்பளிக்க நாங்கள் வரவில்லை. அக்கோரிக்கையின் அடியில் ‘நாங்களும் இந்தியர்’ என்ற ஒற்றை வாக்கியம் இருக்கிறது. எங்கள் ஓட்டுநர் கொண்டையூசி வளைவுக்குப்பின் சொன்னதும் அதுதான்.

சத்யஜித் ராய் 1962இல் ‘கஞ்சன்ஜங்கா’ என்ற திரைப்படத்தை இங்கே எடுத்தார். கல்கத்தாவிலிருந்து விடுமுறைக்கு வந்த செல்வக் குடும்பம் ஒன்று மூடுபனிக்குள் நடந்து தன் சிக்கல்களைப் பேசுகிறது. ஏழை நேபாளிச் சிறுவன் ஒருவன் இடையிடையே வந்துபோகிறான். கடைசியில் பனி விலகி மலை முழுதாகத் தெரிகிறது. மலையைக் காணவே வந்த குடும்பத் தலைவர் அதைக் கவனிப்பதில்லை. படம் முடியும்போது பாடிக்கொண்டிருப்பவன் அந்தச் சிறுவன். சமவெளி மனிதரின் அகந்தையைச் சமவெளிக் கலைஞர் ஒருவரே இவ்வளவு அமைதியாகச் சொல்லிவிட்டார். நாமோ அந்தக் குடும்பத் தலைவரின் நாட்குறிப்பை இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

எதிர்வாதங்கள் எங்களுக்குத் தெரியும். ‘ஆண்டு முழுதும் உழைத்தவர் நான்கு நாள் ஓய்வுக்குப் போகிறார், அவரிடம் வரலாற்றுத் தேர்வு நடத்துவீர்களா?’ என்பார்கள். நடத்தமாட்டோம். ஓய்வெடுப்பவர் ஓய்வெடுக்கட்டும், மலையும் தேநீரும் அவருக்கு உரியவை. ஆனால் எழுத உட்கார்ந்த கணத்திலேயே அவர் ஓய்விலிருந்து எழுந்துவிட்டார். எழுதப்படும் மனிதருக்கு அவர் கடன்பட்டவர். ‘சுற்றுலாவால்தான் அவ்வூர் பிழைக்கிறது’ என்பது அடுத்த வாதம். பிழைக்கிறது, மறுக்கவில்லை. அந்நகரத்திற்கு நீர் தரும் செஞ்சல் ஏரிகள் இரண்டும் 1910இலும் 1932இலும் அமைக்கப்பட்டவை. இலட்சத்தைத் தாண்டிய மக்களுக்கும் விடுதிகளில் வந்து நிறையும் நமக்கும் அவையே முதன்மை ஆதாரம். ஊர்க்காரர் குடங்களோடு வரிசையில் நிற்கிற காலத்தில் விடுதி அறையின் குழாயில் வெந்நீர் வருகிறது. கொடுப்பதைக் கணக்கிடுகிறவர் எடுப்பதையும் கணக்கிட வேண்டும்.

மூன்றாவது வாதம்தான் கூர்மையானது: ‘நான்கு நாள் போய்வந்த நீங்கள் மட்டும் அம்மக்களின் குரலாகிவிட்டீர்களோ?’ இல்லை. அவர்களுக்குக் குரல் இருக்கிறது; நூறாண்டு இலக்கியம் இருக்கிறது. அவர்களுக்காகப் பேசுங்கள் என்று எவரையும் கேட்கவில்லை. அவர்கள் பேசியிருப்பதைக் கேட்டுவிட்டுப் போங்கள் என்கிறோம்.

வேறுவகைப் பயணிகளும் இவ்வூருக்கு வந்திருக்கிறார்கள். தம் ஹங்கேரிய முன்னோரின் வேரைத் தேடிப் புறப்பட்ட சோமா, லடாக்குப் பக்கத்து மடங்களின் கடுங்குளிரில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து திபெத்திய மொழி பயின்று, 1834இல் அதற்கு அகராதியும் இலக்கணமும் தந்தார். லாசாவுக்குப் போகும் வழியில் 1842இல் டார்ஜிலிங்கில் காய்ச்சலால் இறந்து அங்கேயே அடங்கியிருக்கிறார். பாரதி தம் குருவாகக் கொண்டு நூலைக் காணிக்கையாக்கிய சகோதரி நிவேதிதை 1911இல் இங்கேதான் உயிர்நீத்தார். ராகுல சாங்கிருத்தியாயன் 1963இல் மறைந்ததும் இந்நகரத்தில்தான். கண. முத்தையாவின் மொழிபெயர்ப்பில் ‘வால்காவிலிருந்து கங்கை வரை’ படித்து வளர்ந்த தமிழ்த் தலைமுறைகள் எத்தனை! ‘ஊர்சுற்றிப் புராணம்’ படித்துவிட்டுப் பையைத் தூக்கியவர்கள் எத்தனை! ஊர்சுற்றுவதை ஒரு சாத்திரமாக எழுதிய அம்மனிதர் போகுமிடத்து மொழியைக் கற்காமல் போனதில்லை. நான்குமுறை திபெத்துக்குள் சென்று ஏடுகளைத் தேடிக் கொணர்ந்தார். அவர் உயிர்விட்ட ஊரில் நின்றுகொண்டு ‘இங்கே நல்ல தோசை கிடைக்கவில்லை’ என்று எழுதுகிற நாம் எந்த மரபின் வாரிசுகள்?

எல்லோரும் அகராதி எழுத வேண்டாம். ஒரு சொல் கற்றுக்கொண்டு போகலாம். எங்கள் ஓட்டுநரை முதல் இரண்டு நாட்கள் ‘டிரைவர்’ என்றோம். மூன்றாம் நாள் அண்ணன் என்று பொருள்படும் ‘தாஜு’ என்று அழைக்கக் கற்றோம். நான்காம் நாள், இறங்கும் வழியில், நாங்களாகவே அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, உங்கள் ஊரில் தேயிலை உண்டா என்றார். உண்டு என்றோம். அங்கே யார் பறிக்கிறார்கள் என்று கேட்டார். வால்பாறையையும் நீலகிரியையும் இலங்கை மலையகத்தையும் பற்றி, தெரிந்த இந்தியில் சொல்லிக்கொண்டு வந்தோம். நாடற்றவராக்கப்பட்ட கதைக்கு வந்தபோது அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். அதன்பின் அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் எங்களிடம் விடை இல்லை. அவர்கள் இப்போது எந்த மொழியில் படிக்கிறார்கள்? வீட்டுமனை அவர்கள் பெயரில் இருக்கிறதா? அவர்களையும் எப்போது வந்தீர்கள் என்று கேட்கிறார்களா?

எங்கள் ஊரைப் பற்றி எங்களைவிட நல்ல கேள்விகளை, எங்கள் ஊரைப் பார்த்தேயிராத அவர் கேட்டார். இனி எங்களில் எவரேனும் ஒரு மலைநகரத்தைப் பற்றி எழுதினால், அக்கட்டுரையில் இத்தகைய கேள்வி ஒன்றாவது இருக்கிறதா என்று வாசகர்கள் தேடிப் பார்க்க வேண்டும். இல்லையெனில் கூடை காலி என்று எங்கள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும்.